சூப்ரண்டம்மாவின் நேர்த்திக்கடன்

பழனி அடிவாரத்தில், முடி இறக்கும் கொட்டகையில் எங்களை வரிசையாகக் குத்தவைத்து உட்கார வைத்திருந்தார்கள். தரை முழுக்க ஈரம். ஈரத்தில் அப்பிக் கிடந்த முடியை ஒரு ஆள் விளக்குமாற்றால் மூலைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் தரை மறுபடியும் கறுத்துவிடும்.

தைப்பூசம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காவடிக் கூட்டம் இன்னும் வடியவில்லை. சந்தனமும் ஈர வேட்டியும் கனிந்த வாழைப்பழமும் கலந்து ஒரு வாசனை அந்த இடத்தில் நின்றது. இன்றைக்கும் யாராவது பழனிக்குப் போய்விட்டு வந்து பஞ்சாமிர்தம் கொடுத்தால், கையில் வாங்கிக்கொண்டு, அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. வாசனைதான் ஆகாது.

நாவிதர் நல்ல மனுஷர். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று, தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்க்கும்போதே பேச்சுக் கொடுப்பார்.

"யாருக்குப் பாப்பா வேண்டுதல்?"

எங்களுக்கு இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லாரியில் வரும்போதே ஆயா ஒரு தடவை எல்லோரையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டாள். "பாபு அண்ணனுக்கு" என்று சொல்ல வேண்டும். முன்னால் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் கத்தி இறங்கியது.

எனக்கு முன்னால் முருகாயி இருந்தாள். அவளிடமும் அவர் கேட்டார்.

"எங்கம்மாவுக்கு" என்றாள் முருகாயி.

பின்னால் நின்றிருந்த சூப்ரண்டம்மா குனிந்தாள்.

தகரக் கூரை பங்களா

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெருமாள்மலையில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். மலைப்பாதை வளைவில் ஒரு லாரி உருண்டதில் போய்விட்டார். அம்மா அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. அப்பாவின் பங்காளிகள் என்னை அழைத்துப்போய்க் கொடைக்கானலில் அரசாங்கத்தின் சிறுமியர் இல்லத்தில் விட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே வயசு சரியாகத் தெரியாது.

இல்லத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஊரைத் தாண்டி, சரிவில் இருந்த பழைய வெள்ளைக்காரன் பங்களா அது. தகரக் கூரை, முன்னால் பேரிக்காய் மரங்கள். பார்க்க அழகாக இருக்கும். சீசனுக்கு வருகிறவர்கள் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு போவார்கள்.

உள்ளே நாங்கள் விறகு பிளந்தோம், ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தோம், இல்லத்தை நடத்திய சூப்ரண்டம்மாவின் வீட்டுத் துணி துவைத்தோம். குளிரில் கை வெடித்து ரத்தம் கசியும். அந்தக் கையோடு சலவைச் சோடாத் தண்ணீரில் துணி முக்கினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையை நனைத்த பிள்ளை விடிந்ததும் அந்த ஈரப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டும். பனி விழும் மாதங்களில் சின்னப் பிள்ளைகள் எல்லோருமே நனைப்பார்கள். நனைக்காமல் எப்படி இருப்பார்கள்? அதனால் காலையில் முற்றத்தில் எப்போதும் ஒரு வரிசை நிற்கும்.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தெருவில் நிறுத்திக் கேட்டார். "இருந்தாலும் சாப்பாடு போட்டு வளத்தாங்கல்ல? அத மறக்கலாமா?" என்றார். மறக்கவில்லை ஐயா. மக்காச்சோளக் கஞ்சி. அதில் புழு மிதக்கும். ஒதுக்கினால் அடி விழும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்போம். அதையும் சேர்த்து எழுதச் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

சாமி முடி

இல்லத்தில் யாருக்கும் முடி கிடையாது. சேர்ந்த அன்றே ஒட்ட வெட்டிவிடுவார்கள். பிறகு மாதம் ஒரு தடவை டவுனிலிருந்து ஆள் வந்து மிஷினை ஓட்டிவிட்டுப் போவார். பேன் வராமல் இருக்க என்று சொல்வார்கள். பேன் இருக்கத்தான் செய்தது.

முருகாயி ஒருத்திக்குத்தான் முடி இருந்தது.

அவள் பூம்பாறைக்காரி. தாய்மாமன் பூண்டு விவசாயம். அப்பா எங்கோ போனவர் திரும்பவில்லை. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாக வந்து, காசநோய் என்று மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். மகளை அங்கே வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மாமன் வீட்டில் அத்தைக்கு இஷ்டமில்லை. அதனால் எங்கள் இடத்துக்கு வந்தாள்.

அவளைச் சேர்க்க வந்த அன்று, மிஷின்காரர் பையைத் திறப்பதைப் பார்த்ததும் மாமன் பதறிப்போய்க் கைகூப்பினார்.

"அம்மா, அது சாமி முடிங்க. எங்கக்கா பழனிக்கு நேந்திருக்குங்க. சொகமாகி வந்ததும் மகளக் கூட்டிட்டுப் போயி எறக்கணும்னு சொல்லிட்டுத்தாங்க ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அதுவரைக்கும் கத்தி படக் கூடாதுங்க."

சூப்ரண்டம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்பிடியா? சாமி முடின்னா தொடக் கூடாதுப்பா. விடுங்க விடுங்க" என்றாள். பக்திமான். நெற்றியில் குங்குமத்துக்கு மேல் எப்போதும் ஒரு கீற்று விபூதி இருக்கும். கிருத்திகைக்கு விரதம் இருப்பாள். விரத நாளில் அடிக்கவும் மாட்டாள், ஆயாவை அடிக்கச் சொல்வாள்.

ஆக முருகாயி முடியோடு இருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும். நுனியில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தால் பேரிக்காய் மரத்தடியில் அவளை உட்கார வைத்து நாங்கள் முறை போட்டுச் சீவி விடுவோம். ஒருத்தி பிரிக்க, ஒருத்தி சிக்கெடுக்க, ஒருத்தி பின்ன. எங்களுக்குச் சொந்தத்தில் முடி இல்லாததால் அவள் முடி எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஆகிப்போனது. என் முறை வந்தால் வேண்டுமென்றே மெதுவாகப் பின்னுவேன்.

இல்லத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால், மேகம் இல்லாத நாளில் கீழே வெகு தூரத்தில் பழனி மலை தெரியும். முருகாயி அதைக் காட்டி என்னிடம் திட்டம் சொல்வாள். அம்மா வரும். நேரே பழனிக்குக் கூட்டிப்போகும். முடி இறக்கியதும் அப்படியே பூம்பாறைக்குப் போய்விடுவார்கள், இங்கே திரும்பி வர வேண்டியதே இல்லை. இதைச் சொல்லிவிட்டுச் சடையை முன்னால் எடுத்துப் போட்டு, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வயிற்றோடு வைத்துப் பார்ப்பாள்.

"எம் புள்ளைக அத்தன பேரும்"

சூப்ரண்டம்மாவுக்கு ஒரே மகன், பாபு. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான். நாங்கள் அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அவன் எங்களைக் கூப்பிட்டதாக நினைவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு டைபாய்டு வந்தது. நன்றாகவே படுத்துவிட்டான். டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சூப்ரண்டம்மா ஒரு தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு இல்லத்துக்குப் பின்னால் ஏறினாள். மேகம் மூடிக் கிடந்தது, மலை தெரியவில்லை. தெரியாத மலையைப் பார்த்து நின்று, ஓவென்று கத்தி அழுதாள்.

"முருகா, எம் மகனக் காப்பாத்திக் குடுத்துரு. எம் புள்ளைக அத்தன பேரு முடியையும் ஒன் காலடியில கொண்டாந்து எறக்கிர்றேன்!"

விறகு சுமந்துகொண்டிருந்த நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. பெரிய ஆபீசர்கள் வரும்போது மட்டும் "எல்லாம் எம் புள்ளைக சார்" என்று சொல்வாள். இப்போது ஒருவரும் பார்க்காதபோது, சாமியிடமும் அதையே சொல்கிறாளே என்று உள்ளே குளிர்ந்துபோனது. நாங்களும் பாபு அண்ணனுக்காகக் கும்பிட்டோம். மனசாரக் கும்பிட்டோம். நல்லவேளை, பிழைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு சில மாதம் மிஷின்காரர் வரவில்லை. எங்களுக்கு முடி வளர ஆரம்பித்தது. காதைத் தொட்டது, பிடரிக்கு இறங்கியது. நெற்றியில் விழுவதை ஊதிவிட்டுக்கொண்டு திரிந்தோம். அந்த வேண்டுதல் எங்களுக்கு மறந்தே போயிருந்தது. சூப்ரண்டம்மாவுக்கு மனசு மாறிவிட்டது, மகன் பிழைத்ததும் இரக்கம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

நேர்ந்துவிட்ட கிடாய்க்கும் கொஞ்ச நாள் நல்ல தழை போடுவார்கள். அது எங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சாமிக்குக் கொடுக்கும்படியாக முடி இருக்க வேண்டும் அல்லவா? மொட்டைத் தலையைக் கொண்டுபோய் என்னத்தை இறக்குவது? அதற்காகத்தான் வளர விட்டாள்.

பெற்ற மகன் தலையை ஏன் நேர்ந்துகொள்ளவில்லை என்று கேட்பீர்கள். அவன் பரீட்சை எழுதிவிட்டுக் காலேஜுக்குப் போக வேண்டியவன். மொட்டையோடு போனால் நன்றாக இருக்குமா? பொங்கலுக்குப் பிறகு, பழனிக்குப் போகிற விஷயம் வெளியே வந்தபோது ஆயாதான் இதைச் சொன்னாள், அதுவும் ரொம்ப இயல்பாக.

விறகு அறை

எங்களில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பழனிக்குப் போகிறோம், மலையை விட்டு இறங்குகிறோம் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. ரோசம்மா என்று ஒரு சின்னப் பிள்ளை, வேதக்காரப் பிள்ளை. அவள் மட்டும் "எனக்கு மாதா கோயில்ல மொட்ட போடுவீங்களா?" என்று கேட்டாள். "சாமி எல்லாம் ஒண்ணுதான்டி" என்றாள் சூப்ரண்டம்மா. கேட்பதற்கு எவ்வளவு உயர்ந்த வார்த்தை பாருங்கள்.

முருகாயி மாட்டேன் என்றாள்.

முதலில் நயமாகத்தான் பேசினாள் சூப்ரண்டம்மா. "பழனிக்குத்தானடி நேந்தது? பழனியிலதான எறக்கப் போறோம்? அப்பறம் என்ன?"

"எங்கம்மா வந்து எறக்கணும். எங்கம்மாவுக்காக."

"ஒரே சாமிதான?"

"எங்கம்மா சாமிகிட்டச் சொல்லியாச்சு. இப்பப் போயி வேற ஆளுக்குன்னு குடுத்தா அம்மாவுக்கு என்னாகும்?"

சூப்ரண்டம்மாவும் இதே கணக்கில்தான் நம்புகிறவள். நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் மகனுக்கு என்னாகுமோ என்ற பயத்தில்தான் இவ்வளவு ஏற்பாடும். "அத்தன பேரு முடியும்" என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. ஒரு தலை குறைந்தால் நேர்த்தி நிறைவேறாது. அதுவும் இருப்பதிலேயே பெரிய முடி. இரண்டு பேரும் ஒரே சாமிக்கு ஒரே மாதிரிப் பயந்தார்கள். ஆனால் ஒருத்தி கையில் பூட்டு இருந்தது.

முருகாயியை விறகு அறையில் போட்டுப் பூட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்தபோதும் திறக்கவில்லை. விறகு எடுக்கப் போகும் சாக்கில் நான் பலகை இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டேன்.

"ஏ புள்ள, சரின்னு சொல்லிட்டு வாடி. முடி மொளைக்கும்ல."

"அம்மா செத்துப்போகும்டி" என்றாள் உள்ளேயிருந்து. அழவில்லை. எனக்கு விளங்கவில்லையே என்ற சலிப்புத்தான் அந்தக் குரலில் இருந்தது.

அவளைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி ஊசியும் மருந்தும் அம்மாவைப் பிழைக்க வைக்கவில்லை. இந்த முடிதான் உயிரோடு வைத்திருந்தது. அதை வேறு யாருக்கோ கொடுத்தால் அம்மா உயிர் போய்விடும். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அவளிடம் அம்மாவுக்காக என்று வேறு எதுவும் இல்லை.

புறப்படும் அன்று வெள்ளனே ஆயா கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிற்கத் தெம்பில்லை. முட்டைக்கோஸ் ஏற்றும் லாரி வந்து நின்றது. சூப்ரண்டம்மாவும் மகனும் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். பழனி எங்கள் மலைக்கு நேர் கீழே கிடக்கிறது. ஆனால் அந்த நாளில் லாரி வத்தலக்குண்டு வழியாக இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். அழுகின கோஸ் இலைகளுக்கு மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போனோம்.

எல்லாப் பிள்ளையும் அழுகிற இடம்

இப்போது அந்தக் கொட்டகைக்கு வருகிறேன்.

"எங்கம்மாவுக்கு" என்று முருகாயி சொன்னதும் சூப்ரண்டம்மா குனிந்து, சிரித்துக்கொண்டே, அவள் தொடையின் உள்பக்கம் நகத்தால் பிடித்துத் திருகினாள். பாவாடை மறைத்தது. பின்னால் இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

"யாருக்குன்னு சரியாச் சொல்லு கண்ணு."

முருகாயி வீரிட்டாள். நாவிதர் கத்தியை எடுத்துவிட்டார்.

"பாப்பா ரொம்பப் பயப்படுதேம்மா. செத்த நேரம் போகட்டுமா?"

"அழுகாம முடி எறக்குற புள்ள எதுங்க? நீங்க வெரசாப் போடுங்க. எங்களுக்கு மலையேறணும்."

சுற்றிலும் பார்த்தேன். உண்மைதான், அந்தக் கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். மாமன் மடியில் ஒரு கைக்குழந்தை காலை உதைத்து அலறியது. அதன் அம்மா கிலுகிலுப்பையை ஆட்டினாள். அப்பா சிரித்தார். முருகாயியின் அழுகையைக் கேட்டு ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. அதில் ஒரு பெண், "அச்சோ, இவ்வளவு முடியும் போகுதேன்னு அழுகுறா பாரு. மகராசி, சாமி நெறைய குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயிரம் பேர் நடமாடுகிற இடம். ஒரு பிள்ளையைச் சித்திரவதை செய்ய அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஆயா தலையைப் பிடித்துக்கொண்டாள். சடையை அவிழ்த்தார்கள். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை பின்னிவிட்டது. கத்தி நடு உச்சியில் வைக்கப்பட்டதும் முருகாயி அழுகையை நிறுத்திக்கொண்டு, "அம்மாவுக்கு, அம்மாவுக்கு, அம்மாவுக்கு" என்று வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினாள். முடி விழுவதற்குள் சாமிக்குக் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அது.

சூப்ரண்டம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கும் அதே அவசரம். கை மறுபடியும் பாவாடைக்குள் போனது. இந்தத் தடவை விடவில்லை.

"பாபு அண்ணனுக்குன்னு சொல்லு. சொல்லுடி. சொன்னா விட்டுர்றேன்."

எவ்வளவு நேரம் தாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. பாதித் தலை முடிந்திருந்தது.

"பாபு அண்ணனுக்கு" என்றாள் முருகாயி.

கை வெளியே வந்தது. "நல்ல புள்ள" என்றாள் சூப்ரண்டம்மா. பாபு கொட்டகை வாசலில் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். எண்ணெய் போட்டு வகிடெடுத்துச் சீவிய தலை. வெயில் பட்டு மின்னியது. அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவனுக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது நான். நாவிதர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

உறைபனி

சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு மலையேறித் திரும்பினோம். அந்த மாதங்களில் கொடைக்கானலில் புல்மேல் உப்புத் தூவினாற்போல் பனி உறைந்து கிடக்கும். விடிகாலையில் வாளித் தண்ணீரை உடைத்துத்தான் மொள்ள வேண்டும். அதில் எங்கள் தலைகளை நினைத்துப் பாருங்கள். யாரோ புண்ணியவதிகள் பின்னி அனுப்பிய கம்பளிக் குல்லாக்கள் ஆபீஸ் பீரோவில் அடுக்கி இருந்தன. அவை ஆபீசர்கள் வரும் நாளில் போட்டுக்கொள்வதற்கு. ஆயா ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். "தேச்சு நாசமாக்கிருங்க" என்று பதில் வந்தது.

ரோசம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. மூச்சு விடும்போது உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். ரொம்பத் தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவளுக்கு ஊர் என்று ஒன்று இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

முருகாயி முன்போல் இல்லை. வெயில் வந்தாலும் மரத்தடிக்கு வரமாட்டாள். சூப்ரண்டம்மா வீட்டுச் சோலிக்கு அவளை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். மறுபேச்சுப் பேசமாட்டாள், சொன்னதைச் செய்வாள், அதனால் சூப்ரண்டம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஒருநாள் துணி உலர்த்தும்போது என்னைக் கேட்டாள். "வாயிலதான் அண்ணனுக்குன்னு சொன்னேன். மனசுக்குள்ள அம்மாவுக்குன்னு சொல்லிட்டேன். சாமிக்கு மனசு கேக்கும்ல?"

"கேக்கும்" என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான்."

ஆனாலும் தபால்காரர் சரிவில் ஏறி வந்தால் அவள் போய் விறகு அறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அம்மா செத்த சேதி வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தாள்.

காப்பி

செத்த சேதி வரவில்லை. அம்மாவே வந்தாள்.

வெயில் காலம் தொடங்கியிருந்தது. நான் சூப்ரண்டம்மா வீட்டு முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முருகாயி உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு மெலிந்த பெண் வந்து நின்று, "முருகாயி ஆத்தாங்க" என்றாள். கன்னம் ஒட்டியிருந்தாலும் தெளிவாக இருந்தாள். கையில் ஒரு கட்டுப் பூண்டு, சூப்ரண்டம்மாவுக்கு.

உள்ளேயிருந்து முருகாயி பறந்து வந்தாள். காப்பி டம்ளரை எங்கே வைத்தாள், எப்படி வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா சாகல, அம்மா சாகல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நானும் அழுதேன். அந்த இல்லத்தில் நான் பார்த்த நல்ல காட்சி அது ஒன்றுதான். கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அம்மாவின் கை மகள் தலையைத் தடவி, அப்படியே நின்றது. முடி விரல்கடை அளவுதான் முளைத்திருந்தது.

"சாமி முடி எங்கம்மா?" என்று சூப்ரண்டம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "நான் வந்து எறக்குறேன்னு நேந்த முடியாச்சே."

சூப்ரண்டம்மா கண் இமைக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"பதறாத. நானே பழனிக்குக் கூட்டிட்டுப் போயி எறக்கிட்டேன். நீ அங்க உசிருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்க. வந்தப்பறம் பாத்துக்கலாம்னு விட முடியுமா? தை மாசத்துல உனக்காகத்தான் எறக்கி விட்டேன். அதுக்கப்பறந்தான உனக்குத் தேறுச்சு? யோசிச்சுப் பாரு."

அந்தப் பெண் யோசித்தாள். தை மாசத்துக்கு அப்புறம்தான் ரத்தம் நின்றது போலிருக்கிறது. முகம் அப்படியே மாறியது. மகளை விலக்கிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாகச் சூப்ரண்டம்மாவின் காலில் விழுந்தாள்.

"தாயீ, நீங்க மனுசி இல்லம்மா. எம் பொறந்தவன் செய்யல இத."

"எந்திரி எந்திரி. எல்லாம் எம் புள்ளைகதான்."

கூட்டுமாற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என்னால் ஏதும் பேச முடிந்திருக்குமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். முடிந்திருக்காது. பேசினவள் முருகாயிதான்.

"அது ஒனக்கு எறக்குன முடி இல்லம்மா. பாபு அண்ணனுக்கு எறக்குனாக."

அம்மா சட்டென்று எழுந்து மகளின் வாயைப் பொத்தினாள். "சாமி காரியத்துல விளையாட்டுப் பேச்சுப் பேசாதடி. இவ்வளவு செஞ்சவுகளப் போயி..."

மற்றதைச் சூப்ரண்டம்மா பார்த்துக்கொண்டாள். டாக்டர் இன்னும் எத்தனை மாதம் மருந்து சாப்பிடச் சொன்னார்? உன் மூச்சு பிள்ளைக்கு ஆகுமா? தம்பி பெண்டாட்டி கையில் இரண்டு பேரும் கஞ்சிக்கு நிற்கப் போகிறீர்களா? இங்கே படிப்பு இருக்கிறது, துணி இருக்கிறது. ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மகளைக் கையோடு பழனிக்கு அழைத்துப்போகத்தான் அந்த அம்மா வந்திருந்தாள். அப்படியே ஊருக்குக் கூட்டிப் போயிருப்பாள். இப்போது போவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

"நேத்திக்கடன்தான் முடிஞ்சுருச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இனி என்ன அவசரம். இங்கனயே இருக்கட்டும்மா. ஒங்க நெழல்ல இருக்குறது அவ குடுத்து வச்சது."

முருகாயி அம்மாவின் முந்தானையை விடவில்லை. அம்மாதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்த மொட்டை முளைத்த தலையை இரு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

"இந்த அம்மா சொல்றதக் கேட்டு நட. அவுகதான் எனக்கு உசிரு குடுத்தது."

பூம்பாறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரிவில் இறங்கிப் போனவள், கேட் பக்கத்தில் ஒரு தடவை திரும்பிக் கும்பிட்டாள். மகளைப் பார்த்து இல்லை.

"என்னடி, காப்பி ஆறிப்போச்சா?" என்றாள் சூப்ரண்டம்மா.

முருகாயி சூடு பண்ணிக் கொண்டுவர உள்ளே போனாள்.